மைலோவிலிருந்து ரைக்ஸ்வால்ட் வரை: ஒரு நேவிகேட்டரின் தடத்தில் ஏழு நாள்

கிளம்பும் முன்

போர்க் கல்லறைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் முதலில் விமான டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது இறந்தவரின் காகிதங்களை. அவை இல்லாமல் போனால் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இந்தப் பயணம் டார்கர் ஹார்லோ டேரமைப் பின்தொடர்கிறது. கூட இருந்தவர்களுக்கு அவர் டெர்ரி. 1920 மே 22 அன்று கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மைலோ என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா நார்வேயிலிருந்து வந்து குடியேறிய விவசாயி. 1943 மே 16 இரவு ஜெர்மனியின் அணைகளை உடைக்கக் கிளம்பிய பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆவது ஸ்குவாட்ரன் என்ற பிரிவில், தலைவர் கை கிப்சனின் விமானத்துக்கு இவர்தான் நேவிகேட்டர், அதாவது வழி கணக்கிட்டுச் சொல்பவர். அந்த இரவில் உயிரோடு திரும்பினார். நான்கே மாதத்தில், செப்டம்பர் 16 அன்று, வேறொரு தாக்குதலில் கொல்லப்பட்டார். வயது 23. கல்லறை ஜெர்மனியில், ரைக்ஸ்வால்ட் போர்க் கல்லறைத் தோட்டத்தில்.

தேடும்போது மூன்று இடங்களில் சறுக்கும். ஒன்று பெயர். 'டெர்ரி' என்று தேடினால் எந்த அரசுப் பதிவிலும் கிடைக்காது, 'டார்கர் ஹார்லோ' என்றே தேட வேண்டும். இரண்டாவது தேதி. விமானம் கிளம்பியது 15ஆம் தேதி இரவு, இறப்பு பதிவானது 16. இரவுத் தாக்குதல்களில் இந்த ஒரு நாள் வித்தியாசம் எப்போதும் குழப்பும், அதனால் இரண்டு தேதிகளையும் போட்டுப் பார்ப்பது நல்லது. மூன்றாவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். டேரம் கனடிய விமானப்படைக்காரர், பறந்ததோ பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனில். அவருடைய பணிக் கோப்பு ஒட்டாவாவில் கனடா நூலக ஆவணக் காப்பகத்தில் இருக்கும், ஸ்குவாட்ரனின் தினப்பதிவேடு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 வரிசையில் இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இறந்த கனடியர்களின் பணிக் கோப்புகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தே இருக்கின்றன. பொதுவாக இப்படி ஒரு கோப்பில் சேர்க்கை விண்ணப்பம், மருத்துவச் சோதனை, பயிற்சிப் பள்ளி மதிப்பெண், குடும்பத்துக்குப் போன கடிதங்கள், விட்டுச்சென்ற உடைமைகளின் பட்டியல் எல்லாம் இருக்கும். நேரம் குறைவு என்றால் பயிற்சி அறிக்கையையும் உடைமைப் பட்டியலையும் மட்டுமாவது படித்துவிடுங்கள். ஆளின் உருவம் அந்த இரண்டில்தான் கொஞ்சமாவது தெரியும்.

ஒட்டாவா வழியாகப் போகிறவர்கள் நாடாளுமன்ற நினைவுப் புத்தகத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். தினமும் காலை 11 மணிக்கு ஒரு பக்கம் திருப்புவார்கள். ஒவ்வொரு பெயரும் வருடத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் கண்ணாடிக்கு அடியில் திறந்திருக்கும். எந்த நாள் என்பதை அரசின் இணைய நினைவகத்தில் பெயரைப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நாள் 1: நான்டன்

கால்கரியிலிருந்து 2ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரம். பாம்பர் கமாண்ட் மியூசியம் சாலையோரத்திலேயே இருக்கிறது, தவறவிட முடியாது. வாசலில் கருங்கல் நினைவுச் சுவர். பாம்பர் கமாண்ட் எனப்படும் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானப் பிரிவில் பறந்து இறந்த கனடியர்கள் 10,600க்கும் மேற்பட்டவர்களின் பெயர் அதில் செதுக்கியிருக்கிறது. பதவி பார்க்காமல் அகரவரிசை மட்டும். டேரம் என்ற குடும்பப் பெயரில் இரண்டு பேர் உண்டு. இன்னொருவர் தம்பி லோர்ன், பீரங்கியாளர். 1945 பிப்ரவரியில், தன் முதல் தாக்குதல் பயணத்திலேயே போய்விட்டார்.

உள்ளே நிற்கும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் எஃப்எம்159, ஒன்டாரியோவின் மால்டனில் கட்டிய மார்க் 10 வகை. அதில் ஏறிப் பார்க்க எல்லா நாளும் அனுமதி கிடையாது, முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். ஏற முடிந்தால் எல்லோரும் போல விமானியின் இருக்கைக்கு ஓடாமல் அதற்கு நேர் பின்னால் நில்லுங்கள். நேவிகேட்டரின் மேஜை அங்கே, இடது சுவரை ஒட்டி. அவர் உட்காருவது முன்பக்கம் பார்த்து அல்ல, இடது பக்கம் பார்த்து. மேஜை விளக்கின் வெளிச்சம் வெளியே கசிந்தால் எதிரியின் இரவுப் போர் விமானம் பார்த்துவிடும் என்பதால் சுற்றிலும் திரை. ஆறு, ஏழு மணி நேரப் பயணத்தில் தான் எந்த நகரத்தின் மேல் பறக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்காமல் பென்சிலால் மட்டுமே அறிந்த நேவிகேட்டர்கள் உண்டு. சிலர் திரையை விலக்கி எரியும் நகரத்தை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு விலக்கவே இல்லையாம்.

மேஜையில் இருந்தவை: மெர்கேட்டர் வரைபடத் தாள், டிவைடர், சதுரக் கோணமானி, காற்றைக் கணக்கிடும் டால்டன் கருவி, பதிவேடு, கூர் சீவிய பென்சில்கள். எதிரே, விமானம் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜீ என்ற ரேடியோ கருவியின் சிறு திரை. ஜீ அருமையான சாதனம்தான். ஆனால் ஜெர்மானியர்கள் அதை இரைச்சலால் அடைத்துவிடுவார்கள். போதாக்குறைக்கு, அதன் அலைகள் நேர்கோட்டில் போகிறவை, தாழப் பறந்தால் எட்டும் தூரமும் சுருங்கும். கடைசியில் பென்சில்தான்.

நாள் 2: வல்கன், மைலோ

நான்டனுக்குக் கிழக்கே வல்கன். ஸ்டார் டிரெக் விண்வெளித் தொடரிலும் இதே பெயர் வருவதால் ஊர் முழுக்க அதன் விண்கலப் பொம்மை. படம் எடுத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை. ஊருக்கு வெளியே பழைய விமானத் தளத்தின் ஹாங்கர்கள் இன்னும் நிற்கின்றன. அவைதான் இந்தப் பயணத்துக்குச் சம்பந்தப்பட்டவை. 1939 டிசம்பர் 17 அன்று கையெழுத்தான காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டத்தின் கீழ் கனடாவில் 1,31,553 பேர் பயிற்சி முடித்தார்கள். இந்தப் புல்வெளி முழுக்க அப்படிப்பட்ட பள்ளிகள்தான். நேவிகேட்டர்களுக்கு முதலில் 'அப்சர்வர்' என்று பெயர். வழி பார்ப்பது, குண்டு போடுவது இரண்டும் அவர்கள் தலையில். 1942இல்தான் அதை இரண்டு வேலையாகப் பிரித்தார்கள். பழைய படங்களில் ஒருவர் மார்பில் 'ஓ' எழுத்துடன் ஒற்றைச் சிறகு இருந்தால் அவர் பிரிப்பதற்கு முன் பயிற்சி பெற்றவர் என்று புரிந்துகொள்ளலாம்.

மைலோ இன்னும் கிழக்கே. நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். கோதுமை, வானம், மெக்ரிகர் ஏரி. வல்கனிலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டு வாருங்கள். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை, அரை மணி நேரம் போதும். ஆனாலும் இங்கே நின்றால் ஒன்று புரியும். சாலைகள் எல்லாம் வடக்கு தெற்காக, கிழக்கு மேற்காகக் கோடு போட்டதுபோல் ஓடுகின்றன. திசை தவறவே முடியாத நிலம் இது. இங்கே வளர்ந்தவர், கட்டாய இருட்டடிப்பில் ஒரு விளக்கும் இல்லாத ஐரோப்பாவின் குறுக்கே வழி சொல்லப் போனார்.

1943 செப்டம்பரில் கிப்சன் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கால்கரிக்கு வந்து டேரமின் அம்மாவைச் சந்தித்தார். அடுத்த சில நாட்களிலேயே மகன் இறந்த செய்தி வந்து சேர்ந்தது.

நாள் 3

கால்கரியிலிருந்து லண்டன். எழுத ஒன்றுமில்லை. கிங்ஸ் கிராஸிலிருந்து லிங்கனுக்கு ரயில். நேரடி வண்டி கிடைக்காவிட்டால் நியூவார்க்கில் மாற வேண்டும்.

நாள் 4: லிங்கன்

நகருக்குத் தெற்கே கான்விக் குன்றில் சர்வதேச பாம்பர் கமாண்ட் மையம். துருப்பிடித்த நிறத்தில் எஃகுக் கூம்பு ஒன்று எழும்பி நிற்கிறது. உயரம் 31.09 மீட்டர், லங்காஸ்டரின் இறக்கை நீளமான 102 அடிக்குச் சமம். சுற்றியுள்ள சுவர்களில் சுமார் 58,000 பெயர்கள். பெயர் எந்தச் சுவரில் என்பதை மையத்தின் இழப்புகள் தரவுத்தளத்தில் முதலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதே தரவுத்தளத்தில் விமான எண், கூடப் பறந்தவர்கள், கல்லறை எண் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

மாலையில் அறைக்குத் திரும்பியதும் ஒரு காரியம் செய்து பாருங்கள். வட கடல் வரைபடம், ஸ்கேல், கோணமானி, பென்சில் போதும்.

அணைகளை உடைக்கப் போன இரவில் கிப்சன் தலைமையில் சென்ற மூன்று விமானங்கள் சவுத்வோல்ட் என்ற கடலோர ஊரைத் தாண்டி நெதர்லாந்தின் ஸ்கெல்ட் முகத்துவாரத்துக்குக் குறி வைத்தன. நடுவில் சுமார் 100 மைல் கடல், அடையாளம் எதுவும் கிடையாது. விமானத்தின் மூக்கு ஒரு திசை காட்டும், காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும், இரண்டும் சேர்ந்ததுதான் தண்ணீரின் மேல் போகும் உண்மையான தடம். இதைக் காற்று முக்கோணம் என்பார்கள். முக்கோணத்தின் இரண்டு பக்கம் தெரிந்தால் மூன்றாவது கிடைத்துவிடும். சிக்கல் என்னவென்றால், காற்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கிளம்பும்போது வானிலைக்காரர் கொடுத்த காற்று இரண்டு மணி நேரத்தில் பழசாகிவிடும்.

அதனால் கடலில் தீ மிதவை ஒன்றைப் போடுவார்கள். தண்ணீரில் விழுந்ததும் அது எரியும். பின்பக்கப் பீரங்கியாளர் துப்பாக்கியை அந்த வெளிச்சத்தின் மேல் குறி வைத்து, கோபுரம் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று சொல்வார். அதுதான் காற்று தள்ளும் கோணம். நேவிகேட்டர் அதைத் தாளில் ஏற்றி விமானிக்குப் புதிய திசை கொடுப்பார்.

எவ்வளவு தவறினால் எவ்வளவு விலகும் என்பதற்கு அவர்கள் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு, 60க்கு 1. ஒரு பாகை பிசகினால் 60 மைலில் ஒரு மைல் விலகும். 100 மைல் கடலில் 3 பாகை பிசகு என்றால் 5 மைல். உங்கள் வரைபடத்தில் ஸ்கெல்ட் பக்கம் 5 மைலை அளந்து பாருங்கள், எந்தத் தீவின் மேல் போய் நிற்கிறீர்கள் என்று தெரியும். அன்றிரவு கிப்சனின் விமானங்களும் காற்றில் ஒதுங்கி, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நிறைந்த வால்கெரன் தீவின் மேல்தான் கரையேறின. நல்லவேளை, பீரங்கிகள் விழிக்கும் முன் தாண்டிவிட்டார்கள். பிறகு நிலத்தில் திருத்திக்கொண்டு, இலக்கான மோனே அணை வரை போய்ச் சேர்ந்தார்கள். நேவிகேட்டரின் திறமை தவறே செய்யாமல் இருப்பதில் இல்லை. தவறிவிட்டோம் என்பதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு சிறு தந்திரம்: ஆறு நிமிடம். மணிக்கணக்கில் பத்தில் ஒரு பங்கு அது. வேகம் மணிக்கு 180 மைல் என்றால் ஆறு நிமிடத்தில் 18 மைல், தசமப்புள்ளியை நகர்த்தினால் போதும். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் பெருக்கல் வாய்ப்பாடு மறந்தாலும் இது மறக்காது.

நாள் 5: ஸ்கேம்ப்டன், கோனிங்ஸ்பி

லிங்கனுக்கு வடக்கே ஏ15 சாலை ரோமானியர் போட்ட நேர்கோடு. அணைத் தாக்குதலுக்கு ஸ்குவாட்ரன் கிளம்பிய ஸ்கேம்ப்டன் தளத்தின் அருகே மட்டும் வில்போல் வளைகிறது. போருக்குப் பின் ஓடுபாதையை நீட்டியபோது சாலையை ஒதுக்கிய வளைவு அது. தளம் 2023இல் மூடப்பட்டுவிட்டது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி, உள்ளே போகலாம் என்று பழைய வழிகாட்டி நூல்கள் சொல்வதை நம்பிப் போகாதீர்கள். 1943 மே மாதத்தில் இங்கே கான்கிரீட் ஓடுபாதையே இல்லை, புல்தரைதான். நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள உருளைக் குண்டைச் சுமந்துகொண்டு கிப்சனின் விமானம் ஈடி932 அந்தப் புல்லிலிருந்துதான் எழும்பியது, இரவு 9.39க்கு.

ஆகஸ்ட் கடைசியில் ஓடுபாதை போடுவதற்காகத் தளத்தை மூடினார்கள். ஸ்குவாட்ரன் கோனிங்ஸ்பிக்கு மாறியது. டேரம் கடைசியாகக் கிளம்பியது அங்கிருந்துதான். சுற்றுலா வருகிறவர்கள் வூட்ஹால் ஸ்பாவில் இருக்கும் பெட்வுட் ஹோட்டலுக்குப் போய், 'கிப்சன் குழு இங்கேதான் சாப்பிட்டது' என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்குவாட்ரன் வூட்ஹாலுக்கு வந்தது 1944 ஜனவரியில், அதற்குள் டேரம் இறந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. டீ குடிக்க பெட்வுட் நல்ல இடம், அவ்வளவுதான். அந்த ஊரில் பார்க்க வேண்டியது நடுச்சதுக்கத்தில் உடைந்த அணை வடிவத்தில் நிற்கும் ஸ்குவாட்ரன் நினைவுச் சின்னம்.

செப்டம்பர் 15 இரவு எட்டு லங்காஸ்டர்கள் டார்ட்மண்ட்–எம்ஸ் கால்வாயை உடைக்கப் போயின. ஒவ்வொன்றிலும் 12,000 பவுண்ட் குண்டு, அந்த வகை அன்றுதான் முதல் முறை. கிப்சன் விலகிவிட்டதால் தலைமை ஜார்ஜ் ஹோல்டன். அவருடைய ஈஈ144 விமானத்தில் கிப்சனின் பழைய குழுவிலிருந்து நான்கு பேர்: டேரம், ஸ்பாஃபோர்ட், ஹட்சிசன், டீரிங். நோர்ட்ஹார்ன் என்ற ஊருக்கு மேல் தாழப் பறக்கும்போது பீரங்கி சுட்டது. குண்டோடு விழுந்தது விமானம். எட்டு பேரும் இறந்தார்கள். கால்வாயின் மேல் மூடுபனி, இலக்கே தெரியவில்லை. போன எட்டில் ஐந்து திரும்பவில்லை, கால்வாயும் உடையவில்லை.

நாள் 6: மோனே அணை

டார்ட்மண்டிலிருந்து ரயிலில் சோஸ்ட், அங்கிருந்து பஸ். அணைச் சுவர் 650 மீட்டர் நீளம், 40 மீட்டர் உயரம். மேலே நடந்து மறுகரை போகப் பத்து நிமிடம் ஆகும்.

சுவரின் நடுவில் நின்று ஏரிப் பக்கம் பாருங்கள். காடு மூடிய நிலமுனை ஒன்று தண்ணீருக்குள் நீண்டிருக்கும். விமானங்கள் அதைத் தாண்டி இறங்கி, தண்ணீருக்கு 60 அடி உயரத்தில், மணிக்கு 220 மைல் வேகத்தில் உங்களை நோக்கி வந்தன. 60 அடி என்பது உங்கள் காலடியில் இருக்கும் சுவரின் பாதி உயரம்கூட இல்லை. இருட்டில் உயரமானி அந்த அளவுக்குத் துல்லியமாகக் காட்டாது. அதனால் விமானத்தின் வயிற்றில் இரண்டு விளக்குகள் பொருத்தினார்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இரண்டு ஒளியும் சரியாக 60 அடி கீழே ஒன்றையொன்று தொடும்படி சாய்த்திருந்தார்கள். தண்ணீரில் விழும் இரண்டு வட்டங்கள் 8 போல் ஒட்டினால் உயரம் சரி.

அந்த வட்டங்களைப் பார்த்தவர் நேவிகேட்டர். தன் மேஜையை விட்டு எழுந்து, விமானிக்கு வலப்புறம் இருந்த குமிழ்க் கண்ணாடியில் முகத்தைப் பதித்து, 'கீழே, இன்னும் கீழே, போதும்' என்ற வகையில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விமானிக்குத் திசை, பொறியாளருக்கு வேகம், குண்டு போடுகிறவருக்குத் தூரம், நேவிகேட்டருக்கு உயரம். இரவெல்லாம் திரைக்குள் கோடு போட்டவர் அந்த ஒரு நிமிடம் மட்டும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தார். 12.28க்கு கிப்சனின் குண்டு விழுந்தது, அணை உடையவில்லை. 12.49க்கு இன்னொரு விமானி மால்ட்பியின் குண்டில் உடைந்தது.

அதோடு திரும்பிவிடாதீர்கள். சுவருக்குக் கீழே பள்ளத்தாக்கு வழியாக நீடரென்ஸ வரை போங்கள். ஹிம்மல்ஃபோர்ட்டன் மடத்தின் தேவாலயம் வெள்ளத்தில் போன இடம் அங்கே அடையாளமிட்டு வைத்திருக்கிறது. இன்னும் கீழே நெஹைம். அங்கே முகாமில் அடைத்திருந்த வெளிநாட்டுப் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் மூழ்கினார்கள். வெள்ளத்தில் இறந்தவர்கள் 1,300க்கும் மேல், பாதிக்கு மேல் கட்டாய உழைப்பாளிகளும் போர்க் கைதிகளும். விமானப்படை பக்கம் 19 விமானம் போய் 8 திரும்பவில்லை, 53 பேர் இறந்தார்கள். இரண்டு கணக்கும் ஒரே இரவுக் கணக்கு.

நாள் 7: ரைக்ஸ்வால்ட்

காரில் வருகிறவர்கள் வழியில் போர்க்கன் அருகே மார்பெக்கில் நிற்கலாம். அணைத் தாக்குதலுக்குப் போகும் வழியில் விமானி ஆஸ்டெலின் விமானம் மின்கோபுரத்தில் மோதி விழுந்த இடம், வயலோரம் ஒரு நினைவுக்கல். அதன் நேவிகேட்டர் ஃப்ளாய்ட் வைல், நோவா ஸ்கோஷியாக்காரர். ரயிலில் வருகிறவர்கள் டுசல்டார்ஃபில் ஆர்இ10 ஏறினால் கிளேவே. அங்கிருந்து 5 கி.மீ., டாக்சியோ சைக்கிளோ. கல்லறைத் தோட்டத்தில் கடை, கழிப்பறை எதையும் எதிர்பார்க்காதீர்கள். காலைப் புல் நனைந்திருக்கும், மண்டியிட ஒரு துணி வேண்டும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். எல்லைக்கு அப்பால் நெதர்லாந்தில் குரூஸ்பேக் கனடியப் போர்க் கல்லறை இருக்கிறது. கனடியரைத் தேடி வருகிறவர்கள் நேராக அங்கே போய்விடுகிறார்கள். 1945இல் இந்த ரைக்ஸ்வால்ட் காட்டில் நடந்த போரில் இறந்த தன் வீரர்களை ஜெர்மன் மண்ணில் புதைக்கக் கூடாது என்று கனடிய ராணுவத் தளபதி கிரேரார் முடிவெடுத்தார், அதனால் தரைப்படையினர் அங்கே. விமானப்படையினர் விழுந்த ஊர்களிலேயே புதைக்கப்பட்டிருந்தார்கள். போர் முடிந்ததும் தேடல் குழுக்கள் அந்தக் குழிகளைத் திறந்து, அடையாளம் பார்த்து, இங்கே கொண்டுவந்து சேர்த்தன. டேரம் விழுந்த இடத்துக்கும் கல்லறைக்கும் இத்தனை தூரம் இருப்பது அதனால்தான். இங்கே இருக்கும் 7,500க்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 4,000 பேர் விமானப்படையினர்.

வாசலில் சுவருக்குள் பதித்த பெட்டியில் பதிவேடும் வரைபடமும் இருக்கும். கல்லறை எண்ணில் முதலில் வருவது பகுதி எண், அடுத்த எழுத்து வரிசை, கடைசி எண் கல். 'கூட்டுக் கல்லறை' என்று இருந்தால் கற்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்து அடையாளம் காண முடியாமல் போனவர்கள் அவர்கள். மேப்பிள் இலையைத் தேடிக்கொண்டு நடந்தால் தவறவிடுவீர்கள். இலை தரைப்படையினரின் கல்லில்தான். கனடிய விமானப்படைக் கல்லில் இருப்பது பறக்கும் கழுகு. அதன் கீழே பதவி, பெயர், அதற்கடுத்து 'நேவிகேட்டர்' என்ற ஒற்றைச் சொல்.

எழுத்து ஆழமில்லாதது. உச்சி வெயிலில் படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது எடுங்கள். கல் நிழலில் இருந்தால் இன்னொருவர் வெள்ளைத் தாளைப் பக்கத்திலிருந்து பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் போதும். சாக்பீஸ், மாவு, சோப்பு நுரை எதையும் தேய்க்கக் கூடாது, கல் அரித்துவிடும்.

ஸ்பாஃபோர்ட், ஹட்சிசன், டீரிங் மூவரும் இதே தோட்டத்தில் இருக்கிறார்கள். வைல் இருக்கிறார். அணைத் தாக்குதலில் போன இன்னொரு விமானி மாட்ஸ்லியின் நேவிகேட்டர் ராபர்ட் அர்கார்ட், சஸ்காச்சுவனின் மூஸ் ஜாவில் பிறந்தவர், அவரும் இங்கேதான். அணைத் தாக்குதலில் இறந்த இன்னொரு கனடிய நேவிகேட்டர் கென் எர்ன்ஷா மட்டும் இங்கே இல்லை. ஆல்பர்ட்டாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், விமானி ஹாப்குட்டின் விமானத்தில் போனவர். அவர் தெற்கே ரைன்பெர்க் போர்க் கல்லறையில் இருக்கிறார். காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், டுசல்டார்ஃப் திரும்பும் வழியில்தான் வருகிறது.